தொடர் இணைப்பு வடமும் தமிழ் எழுத்தும்: தொடக்ககாலக் கையடக்கக் கணினிகளின் பழுதறி வரலாறு

1. முன்னுரை

கணினி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளைப் பற்றியே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்தப் பொறி வந்தது, அதன் நினைவகம் எவ்வளவு, விலை என்ன என்பன போன்ற செய்திகள் நூல்களில் எளிதிற் கிடைக்கின்றன. ஒரு பொறியை மற்றொரு பொறியோடு இணைத்த வடத்துக்கு அந்நூல்களில் ஓர் அடிக்குறிப்பும் வாய்ப்பது அரிது. ஆயினும் 1980-களிலும் 1990-களிலும் கையடக்கக் கணினியைக் கையாண்ட எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. அப்பொறியில் எழுதுவது எளிது. எழுதியதை வெளியே கொணர்வதே கடினம். நெகிழ்வட்டு இயக்கி இல்லாத அச்சிறு பொறிகளுக்கு வெளியுலகை நோக்கித் திறந்திருந்த வாயில் பெரும்பாலும் தொடர் இணைப்பு வடமே. ஆங்கிலத்தில் சீரியல் கேபிள் என வழங்கப்பட்ட அவ்வடம் இயங்காதபோது அதைச் சீர்செய்யும் அறிவு நூல்களைக் காட்டிலும் வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவுமே பரவியது.

இக்கட்டுரை அவ்வறிவின் வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுத்து, அதில் தமிழாய்வாளர் கருத வேண்டிய ஒரு கூற்றை முன்வைக்கிறது. தொடர் இணைப்பில் நேரும் பழுதுகள் இருவகைப்படும். ஒருவகைப் பழுது தன்னை அறிவித்துக்கொள்ளும்: திரையில் ஒன்றும் வராது, அல்லது வருவது பொருளற்ற குறிகளாக இருக்கும். மற்றொருவகைப் பழுது தன்னை அறிவிப்பதில்லை. ஆங்கில எழுத்துகள் பழுதின்றி வந்து சேரும். ஏனைய எழுத்துகள் மட்டும் அழியும். ஆங்கிலத்தைக் கொண்டு வடத்தைச் சோதித்தவர் அதனை நலமுடையது என்றே முடிவு செய்வார். இவ்விரண்டாம் வகைப் பழுது புலம்பெயர் தமிழரின் ஆவணங்களில் ஏற்படுத்திய இழப்பு எத்தகையது என்பதை என் சொந்த ஆய்வுப் பணியில் நேர்ந்த ஒன்றைக் கொண்டு பின்னர் விளக்குவேன்.

2. முனையத்துக்கும் மோடத்துக்கும் பிறந்த நியமம்

தொடர் இணைப்பின் அடிப்படை எளியது. ஓர் எழுத்துக்குரிய பிட்டுகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். தொடக்கத்தைக் காட்ட ஒரு பிட், பின்னர் எழுத்துக்குரிய 7 அல்லது 8 பிட்டுகள், வேண்டுமாயின் பிழையறிவதற்கான ஒரு சரிபார்ப்பு பிட், முடிவைக் காட்ட ஒரு பிட் என்பது வழக்கமான அமைப்பு. அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே வேகத்தையும் ஒரே அமைப்பையும் முன்னரே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் கம்பியின் வழியே செல்வதில்லை. இரு முனைகளிலும் மனிதரே அதனைத் தனித்தனியே அமைக்க வேண்டும். பிற்காலத் தொல்லைகள் பலவற்றுக்கு வேர் இதுவே.

இவ்விணைப்பின் மின்னியல் விதிகளை அமெரிக்காவின் மின்னணுத் தொழில் சங்கம் 1960-இல் ஆர்எஸ்-232 என்னும் நியமமாக வெளியிட்டது. 1969-இல் வந்த அதன் 'சி' வடிவமே பெருவழக்காயிற்று. அந்நியமம் இரு கணினிகளை இணைப்பதற்காக எழுதப்பட்டதன்று. ஒருபுறம் தட்டச்சு முனையமும் மறுபுறம் தொலைபேசித் தடத்தோடு இணையும் மோடமும் இருக்கும் என்பதே அதன் கருதுகோள். ஆகவே இரு தரப்புக்கும் வெவ்வேறு பணிகள் வகுக்கப்பட்டன. கம்பிகளின் பெயர்கள் அனைத்தும் முனையத்தின் நோக்கிலிருந்து சூட்டப்பட்டன. 25 முனைகள் கொண்ட இணைப்பியில் 2-ஆம் முனை 'அனுப்பும் தரவு' எனப் பெயர் பெற்றது. முனையம் அதில் அனுப்பும். மோடமோ அதே பெயருடைய முனையில் பெறும். பெயரொன்று, பணி இரண்டு.

முனையத்துக்கும் மோடத்துக்கும் இடையே இவ்வேற்பாடு செவ்வனே இயங்கிற்று. இரு கணினிகளை நேரடியாக இணைக்க முற்பட்டபோது சிக்கல் தோன்றியது. இரண்டும் தம்மை முனையமாகவே கருதின. இரண்டும் 2-ஆம் முனையில் பேசின, 3-ஆம் முனையில் செவிமடுத்தன. இருவரும் ஒரே கம்பியில் பேச, மற்றொரு கம்பியில் இருவரும் காத்திருக்கும் நிலை இது. இதற்குத் தீர்வாகக் கம்பிகளை உள்ளே குறுக்காக மாற்றியமைத்த வடம் உருவாயிற்று. இடையே மோடம் இல்லை என்னும் பொருளில் அது நல் மோடம் வடம் எனப்பட்டது. அதிலுள்ள 'நல்' என்பது இன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல்லன்று. நேர்வடமும் குறுக்குவடமும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றின்மேல் சீட்டு ஒட்டாதவர் பின்னாளில் வருந்தினர்.

1984-இல் ஐபிஎம் தன் ஏடி வகைக் கணினியில் 9 முனைகள் கொண்ட சிறிய இணைப்பியைக் கொண்டுவந்தபோது குழப்பம் மேலும் வளர்ந்தது. இதில் 2-ஆம் முனை பெறுவது, 3-ஆம் முனை அனுப்புவது என்று எண்கள் இடம் மாறின. நிலக்கம்பி 7-ஆம் முனையிலிருந்து 5-ஆம் முனைக்கு வந்தது. ஒரு பக்கம் 25 முனையும் மறுபக்கம் 9 முனையும் உடைய வடத்தைக் கையில் எடுத்தவர், முனை எண்களை மட்டும் நம்பி அது நேர்வடமா குறுக்குவடமா எனத் துணிய இயலாது.

3. சிறு பொறிகளின் வரவு

இத்தகைய நியமத்தின் மீதே கையடக்கக் கணினிகள் வந்து அமர்ந்தன. 1981-இல் அறிவிக்கப்பட்ட எப்சன் எச்எக்ஸ்-20 நான்கு வரித் திரையும் சிறிய அச்சுப்பொறியும் கொண்டது. அதன் தொடர் இணைப்பு வட்டவடிவ டின் இணைப்பியில் அமைந்தது. ஜப்பானின் கியோசெரா நிறுவனம் உருவாக்கி அமெரிக்காவின் டேண்டி நிறுவனம் 1983-இல் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100 செய்தியாளரிடையே பெரும்புகழ் பெற்றது. 8 வரி, வரிக்கு 40 எழுத்து கொண்ட திரை. நான்கு சிறு மின்கலங்களில் ஏறத்தாழ 20 மணிநேரம் இயங்கும் சிக்கனம். அதன் 25 துளை இணைப்பி மேசைக் கணினியின் அச்சுப்பொறி வாயிலை உருவில் ஒத்திருந்தது. வடிவம் பொருந்துவதாலேயே இணைப்பு பொருந்தும் எனக் கருதியோர் முதல் அடியிலேயே வழுக்கினர்.

பிரித்தானியாவில் டேவிட் பாட்டர் நிறுவிய சையான் நிறுவனம் 1984-இல் ஆர்கனைசர் என்னும் பொறியையும், 1986-இல் அதன் இரண்டாம் வடிவத்தையும் வெளியிட்டது. இவ்விரண்டாம் வடிவத்துக்குத் தொடர் இணைப்பு தனியாக வாங்க வேண்டிய துணைக்கருவியாகவே கிடைத்தது. 1991-இல் வந்த எச்பி 95எல்எக்ஸ் டாஸ் இயக்கமுறைமையைச் சட்டைப்பை அளவுக்குச் சுருக்கிற்று. அந்நிறுவனத்தின் எச்பி 48 கணிப்பானுக்குரிய நான்கு முனை வடமே அதற்கும் பொருந்தியது. 1996-இல் வந்த பைலட் ஒரு தாங்கியில் அமர்ந்து, ஒரே பொத்தானை அழுத்தியதும் மேசைக் கணினியோடு தன் குறிப்புகளை ஒத்திசைத்தது. எளிமையான அத்தாங்கியின் வாலில் தொங்கியதும் அதே ஒன்பது முனைத் தொடர் வடமே. யுஎஸ்பி என்னும் புதிய நியமத்தின் முதற் பதிப்பும் அதே 1996-இல்தான் வெளியாயிற்று. பத்தாண்டுகளுக்குள் அது தொடர் இணைப்பை வீட்டுக் கணினிகளிலிருந்து பெரும்பாலும் அகற்றிவிட்டது.

வேகத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஓர் எழுத்துக்குப் பத்து பிட் எனக் கொண்டால் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் 960 எழுத்துகள் செல்லும். மாடல் 100-இன் 32 கிலோபைட் நினைவகம் முழுவதும் நிறைந்திருந்தாலும் 34 நொடியில் வெளியேறிவிடும். அதன் உள்ளமைந்த மோடத்தின் 300 பிட் வேகத்திலோ அதற்குப் பதினெட்டு நிமிடங்களுக்கு மேலாகும். வடம் சரியாக அமைந்தால் கிடைத்த பயன் அத்தகையது. அமையாதபோது ஒரு முழு மாலைப்பொழுதும் பழுது தேடுவதிலேயே கழியும்.

4. பழுதறியும் முறை

காலப்போக்கில் பயனாளரிடையே ஒரு பழுதறி முறை உருப்பெற்றது. அதனை ஒரு கைத்தொழில் மரபு என்றே கூறலாம். அறிகுறியைக் கண்டு காரணத்தை வகுப்பது அதன் சாரம். நான்கு அறிகுறிகள் முதன்மையானவை.

முதலாவது, முழு மௌனம். திரையில் ஒன்றுமே தோன்றாவிடில் கம்பியையோ வாயிலையோ ஐயுற வேண்டும். வடத்தை அகற்றிவிட்டுப் பொறியின் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒரு காகிதப் பிணைப்பூசியால் இணைத்து விசைகளைத் தட்டுவர். தட்டியவை திரையில் மீண்டு வந்தால் பொறி நலமே. பின்னர் வடத்தை மாட்டி அதன் மறுமுனையில் அதே சோதனையைச் செய்வர். இவ்வாறு ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தால் பழுது எந்தக் கட்டத்தில் உள்ளது என்பது புலப்படும். மல்ட்டிமீட்டர் வைத்திருந்தோர் மற்றொரு வழியை அறிந்திருந்தனர். தொடர் இணைப்பில் ஓய்ந்திருக்கும் அனுப்புகம்பி நிலக்கம்பியை நோக்க எதிர்மின்னழுத்தத்தில் நிற்கும். நியமப்படி அது 3 முதல் 15 வோல்ட் வரை இருக்கலாம். எந்த முனையில் அந்த எதிர்மின்னழுத்தம் காணப்படுகிறதோ அதுவே பேசும் முனை. இரு பொறிகளின் பேசும் முனைகளும் ஒரே கம்பியில் வந்து சேர்ந்தால் குறுக்குவடம் வேண்டும் என்பது தெளிவு.

மேசைக் கணினியில் மௌனத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. வாயிலை ஏற்கெனவே வேறொரு நிரல் பிடித்துவைத்திருக்கும். முதல் வாயிலும் மூன்றாம் வாயிலும் ஒரே குறுக்கீட்டுத் தடத்தைப் பகிர்ந்துகொண்டமையால், ஒன்றில் சுட்டெலியும் மற்றொன்றில் மோடமும் இருந்தால் இரண்டும் முரண்பட்டன. தாங்கியில் பைலட்டை வைத்து வடத்தைக் குறை கூறியோர் பலர்; தொலைநகல் நிரல் ஒன்று பின்னணியில் வாயிலைத் திறந்து வைத்திருந்தது என்பதைப் பின்னரே அறிந்தனர்.

இரண்டாவது அறிகுறி, தொடங்கும்போதே நின்றுபோதல். இது இசைவுக் கம்பிகளின் குறைபாடு. அனுப்பலாமா என்று ஒரு கம்பி கேட்கும். அனுப்புக என்று மற்றொரு கம்பி விடையளிக்கும். ஐபிஎம் கணினியின் அடிப்படை உள்ளீட்டு நிரல் இவ்விடை வரும்வரை ஓர் எழுத்தையும் அனுப்பாது. மூன்றே கம்பி உடைய எளிய வடத்தில் விடை கூறுவார் எவருமில்லை. ஆகவே ஒன்பது முனை இணைப்பியில் 7-ஐ 8-உடனும், 4-ஐ 6, 1 ஆகியவற்றுடனும் உள்ளேயே இணைத்துவிடுவர். கணினி கேட்கும் கேள்விக்கு அதன் குரலே விடையாகத் திரும்பும்.

மூன்றாவது அறிகுறி, பொருளற்ற குறிகள். எழுத்துகள் வருகின்றன, ஆனால் படிக்க இயலவில்லை எனில் கம்பி நலமே. வேகமோ பிட் அமைப்போ பொருந்தவில்லை. இரு பக்கமும் 300 பிட் வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவது வழக்கம்.

நான்காவது, இடையிடையே விடுபடுதல். பெறும் பொறி மெதுவாகச் செயல்படுகையில் வரும் எழுத்துகளை வாங்கிவைக்க இடமின்றி இழந்துவிடும். இதற்கு ஓட்டக் கட்டுப்பாடு வேண்டும். மென்பொருள்வழிக் கட்டுப்பாட்டில் 19 என்னும் குறியெண் நிறுத்துக என்றும், 17 தொடர்க என்றும் பொருள்படும். ஐபிஎம் கணினியின் முதல் தொடர் இணைப்புச் சில்லு வந்த எழுத்துகளுள் ஒன்றை மட்டுமே காத்துவைக்கும். பின்வந்த 16550ஏ வகைச் சில்லு 16 எழுத்துகளைக் காத்துவைத்தது. பைலட் காலத்தில் ஒத்திசைவு இடையில் முறிந்தால் முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்குமாறு கூறப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்நான்கும் தம்மை அறிவிக்கும் பழுதுகள். இனி அறிவிக்காத பழுதைக் காண்போம்.

5. எட்டாவது பிட்

அமெரிக்க ஆஸ்கி நியமம் 128 குறிகளை உடையது. அவற்றுக்கு 7 பிட் போதும். எனவே எட்டாவது பிட்டைச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்தும் வழக்கம் பெருங்கணினிகளின் காலத்திலிருந்தே நிலைபெற்றது. ஏழு பிட்டும் ஒரு சரிபார்ப்பு பிட்டும் கொண்ட அமைப்பும், சரிபார்ப்பின்றி எட்டு பிட் கொண்ட அமைப்பும் கம்பியில் ஒரே நீளமுடையவை. தொடக்க பிட்டையும் முடிவு பிட்டையும் சேர்த்தால் இரண்டும் பத்து பிட்டுகளே. ஒரு பக்கம் எட்டாகவும் மறுபக்கம் ஏழாகவும் அமைந்து, பெறுவோர் சரிபார்ப்புப் பிழைகளைப் புறக்கணித்தால், ஆங்கில எழுத்துகள் யாவும் பிழையின்றி வந்து சேரும். 127-க்கு மேற்பட்ட குறியெண்கள் மட்டும் தம்மிடமிருந்து 128 கழிக்கப்பட்டு வேறு குறிகளாகும்.

தமிழுக்கு இதன் விளைவு என்ன? ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் இவ்வழியே தீங்கின்றிக் கடந்தன. ஏனெனில் கம்பியைப் பொறுத்தவரை அவை ஆங்கிலமே. தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே இடம்பெற வேண்டும் என்று 128-க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைத்த குறியேற்றங்களே பாதிப்புக்குள்ளாயின. 1990-களின் இறுதியில் பல நாட்டுத் தமிழறிஞரின் இணையவழிக் கலந்துரையாடலால் உருவான திஸ்கி என்னும் குறியேற்றம் இத்தகையது. அதில் 'தமிழ்' என்னும் சொல் 190, 193, 162, 250 என்னும் நான்கு எண்களால் ஆனது. எட்டாவது பிட் உதிர்ந்தால் இவை 62, 65, 34, 122 ஆகும். அதாவது பெரிது என்பதைக் காட்டும் கணிதக் குறி, பெரிய ஏ, இரட்டை மேற்கோள், சிறிய இசட். இன்றைய யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். மூன்றுமே 127-க்கு மேற்பட்டவை. பழைய கம்பி இன்றைய தமிழுக்கும் அதே தீங்கைச் செய்யும்.

இக்குறையைத் தொடக்கத்திலேயே உணர்ந்தவரும் இருந்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் உருவான கெர்மிட் என்னும் கோப்பு மாற்று நெறிமுறை, எட்டாவது பிட் உடைய குறிகளின்முன் ஓர் அடையாளக் குறியை வைத்து ஏழு பிட் தடத்திலும் அவற்றைப் பழுதின்றிக் கடத்த வழி செய்தது. வார்ட் கிறிஸ்டென்சன் 1977-இல் எழுதிய எக்ஸ்மோடம் நெறிமுறை 128 பைட் கொண்ட கட்டுகளாக அனுப்பி ஒவ்வொரு கட்டையும் சரிபார்த்தது. அதற்கு எட்டு பிட் தடமே வேண்டும் என்பதால், ஏழு பிட் அமைப்பில் அது மௌனமாகக் கெடுக்காமல் வெளிப்படையாகத் தோற்றது. கருவிகள் இருந்தன. ஆனால் பெரும்பாலோர் எளிய வழியாகிய உரையை அப்படியே அனுப்புதலையே மேற்கொண்டனர். நானும் அவ்வாறே செய்தேன்.

6. ஒரு களப்பணிக் குறிப்பேட்டின் கதை

1992-இல் பிரித்தானியாவில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த நான், மலேசியத் தோட்டப்புறங்களில் முதியோரைச் சந்தித்துக் குறிப்பெடுத்தேன். மலாயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்றுச் செல்வதை இந்திய அரசு 1938-இல் தடை செய்வதற்கு முன் கங்காணிகள்வழி வந்தோரும் அவர்தம் மக்களுமே என் சான்றாளர்கள். டாஸ் இயக்கத்தில் ஓடிய கையடக்கக் கணினி ஒன்றை வைத்திருந்தேன். அதில் தமிழ் எழுத்து இல்லை. முதியோர் கூறியதை ரோமன் எழுத்தில் பதிவு செய்து, நெடில்களுக்கு மட்டும் பிரெஞ்சு மொழியில் வழங்கும் கூரைக் குறியிட்ட உயிரெழுத்துகளைப் பயன்படுத்தினேன். குறில் நெடில் வேறுபாட்டைக் காத்த மனநிறைவு எனக்கு இருந்தது.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் துறையின் கணினி அறையில் வடத்தை மாட்டினேன். சுவரில் ஒட்டியிருந்த சீட்டில் ஏழு பிட், இரட்டைச் சரிபார்ப்பு என்றிருந்தது. பெருங்கணினியோடு தொடர்புகொள்வதற்காக எழுதிய சீட்டு அது. நான் அதனைப் பொதுவிதி எனக் கொண்டேன். முதல் மாலை முழுவதும் மௌனம். வடத்தைக் குறுக்குவடமாக மாற்றியதும் எழுத்துகள் ஓடிவந்தன. தொடக்கப் பக்கங்கள் தோட்டத்தின் அமைவிடம், ஏக்கர்க் கணக்கு, நாள், இடம் எனும் ஆங்கிலக் குறிப்புகள். அவற்றைப் படித்துப் பார்த்தேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை. கையடக்கக் கணினியின் நினைவகம் நிறைந்திருந்தது. அடுத்த பயணத்துக்கு இடம் வேண்டும். மூலக் கோப்புகளை அழித்தேன்.

மூன்று வாரங்கள் கழித்தே தமிழ்ப் பகுதிகளைத் திறந்தேன். டாஸின் குறியேற்றத்தில் கூரையிட்ட ஐந்து உயிரெழுத்துகளின் எண்கள் 131, 136, 140, 147, 150. எட்டாவது பிட் நீங்கினால் அவை 3, 8, 12, 19, 22. இவை எழுத்துகளல்ல; கட்டுப்பாட்டுக் குறிகள். பெற்ற கணினியின் நிரல் அச்சாகாத குறிகளை நீக்கிச் சேமித்தது. ஓகாரத்துக்குரிய 19 'நிறுத்துக' என்னும் கட்டளையாகக் கொள்ளப்பட்டு மறைந்தது. ஏகாரத்துக்குரிய 8 பின்னழிப்புக் குறி. அது தான் மறைந்ததோடு தனக்கு முன்னிருந்த மெய்யெழுத்தையும் அழித்துச் சென்றது.

விளைவு இது. நெடில் இருந்த இடமெல்லாம் வெற்றிடம். 'மாலை'யும் 'மூலை'யும் ஒரே சொல்லாயின. 'காடு', 'கூடு' என்பனவும் அவ்வாறே. முதியோரிடம் நான் முதலில் கேட்டவை மூன்று கேள்விகள்: பேர் என்ன, ஊர் எது, ஆர் கூட்டி வந்தது. பழைய பேச்சு வழக்கில் அவர்கள் 'யார்' என்பதை 'ஆர்' என்றே கூறினர். பேர், ஊர், ஆர் ஆகிய மூன்று சொற்களும் கோப்பில் ஒற்றை ரகர மெய்யாகச் சுருங்கியிருந்தன. விடைகளில் வந்த ஊர்ப்பெயர்களும் கங்காணிமாரின் பெயர்களும் நெடிலிழந்து நின்றன. கையெழுத்துக் குறிப்பு இருந்த பேட்டிகளை மீட்டேன். சில இடங்களில் சூழலை நோக்கிச் சொல்லை உய்த்துணர முடிந்தது. ஊர்ப்பெயரைச் சூழலால் உய்த்துணர முடியாது. அவற்றை ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. மறுமுறை அங்கே சென்றபோது அம்முதியோரில் இருவர் காலமாகியிருந்தனர். தம் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று ஒருவரின் பேத்தி என்னிடம் கேட்டார். அவ்விடையை எனக்குக் கூறியிருந்தார் அந்த முதியவர். நான் அதை எழுதியும் வைத்திருந்தேன். பேத்திக்குக் கூற என்னிடம் இருந்தது ஓர் உயிரெழுத்துக் குறைந்த சொல்.

இதற்கு வடத்தைக் குறை கூற இயலாது. அது விதித்தபடியே இயங்கிற்று. ஆங்கிலம் வந்துவிட்டால் அனைத்தும் வந்துவிட்டது என்னும் என் கருதுகோளே பழுது. அக்கருதுகோளை நான் தனியே கண்டுபிடிக்கவில்லை. ஏழு பிட் என்னும் முன்னமைப்பிலும் சுவரில் ஒட்டிய சீட்டிலும் அது முன்னரே எழுதப்பட்டிருந்தது.

7. நூலகங்களுக்குச் சில பரிந்துரைகள்

இன்று புலம்பெயர் எழுத்தாளர், ஆய்வாளர், இயக்கத் தொண்டர் பலரின் உடைமைகள் அவர்தம் குடும்பத்தாரால் நூலகங்களுக்கு அளிக்கப்படுகின்றன. பெட்டியின் அடியில் ஒரு கையடக்கக் கணினியும் பெயரறியாத வடமொன்றும் கிடைத்தல் வியப்பன்று. அத்தருணத்தில் பின்வருவனவற்றை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலில் மின்கலத்தைக் கவனிக்க வேண்டும். இப்பொறிகளுட் பலவற்றில் எழுத்து மின்சாரத்தால் காக்கப்படும் நினைவகத்திலேயே தங்கியிருக்கிறது. முதன்மை மின்கலத்தையும் துணை மின்கலத்தையும் ஒருசேர அகற்றினால் அனைத்தும் அழியும்; ஒன்றை மாற்றி உறுதி செய்த பின்னரே மற்றொன்றைத் தொட வேண்டும். சையான் ஆர்கனைசர் இரண்டின் தரவுப் பொதிகள் இதற்கு விலக்கு; அவை மின்கலமின்றியும் எழுத்தைக் காக்கும், ஆனால் புற ஊதா ஒளியால் அழியும் இயல்புடையவை. பொதியைத் திறந்து ஒளியில் வைக்கலாகாது.

அடுத்து, பொறியோடு வந்த வடத்தையும் இணைப்பு மாற்றிகளையும் சீட்டுகளையும் பொறியின் பகுதியாகவே பட்டியலிட வேண்டும். 'பலவகைக் கம்பிகள்' என்று ஒரு பெட்டியில் இட்டுவிட்டால் எந்த வடம் எந்தப் பொறிக்குரியது என்பதை மீண்டும் அறிவதற்குப் பல நாள் தேவைப்படும். வடத்தின் எந்த முனை எந்த முனையோடு இணைகிறது என்பதை அளந்து எழுதிவைத்தல் ஒருமணி நேரப் பணியே.

மூன்றாவதாக, மாற்றும்போது உரையை அப்படியே அனுப்பாமல், பொறியில் உள்ள எக்ஸ்மோடம் அல்லது கெர்மிட் நெறிமுறையைப் பயன்படுத்துக. அது இல்லாவிடில் இரு பக்கமும் எட்டு பிட் என அமைத்து, வரும் பைட்டுகளை நீக்கலோ திருத்தலோ இன்றிச் சேமிக்க. மென்பொருள்வழி ஓட்டக் கட்டுப்பாட்டைத் தவிர்த்து, வேகத்தைக் குறைத்துக்கொள்வது நன்று. எழுத்துருவாகப் படித்தறியும் பணி அதற்குப் பிறகு நகலின்மீது நடைபெறட்டும்.

நான்காவதாக, சோதனையை ஆங்கிலத்தால் செய்யற்க. 0 முதல் 255 வரை அனைத்துக் குறியெண்களும் அடங்கிய ஒரு சிறு கோப்பை அனுப்பி, அவை அனைத்தும் மாறாமல் வந்தனவா என ஒப்பிடுக. அது கடந்த பின்னரே வடம் நலமுடையது எனக் கூறலாம். அவ்வொப்பீடு முடியும் வரை மூலக் கோப்பை அழிக்கலாகாது.

8. முடிவுரை

தொடர் இணைப்பு வடத்தின் பழுதறி வரலாறு, தரப்படுத்தலின் இயல்பைக் குறித்து ஒன்றை உணர்த்துகிறது. முனையத்துக்கும் மோடத்துக்கும் எழுதப்பட்ட விதி இரு சமமான பொறிகளை இணைக்க நேர்ந்தபோது வெளிப்படையாகத் தடுமாறியது. எனவே அதற்கு மாற்று விரைவில் பிறந்தது. ஏழு பிட் ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட விதி ஏனைய மொழிகளைச் சந்தித்தபோது ஓசையின்றிப் பிழைத்தது. எனவே அதன் இழப்புகள் இன்னும் எண்ணப்படவில்லை. தமிழ்க் கணிமையின் வரலாறு எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகியவற்றை மையமாகக் கொண்டு எழுதப்பட்டு வருகிறது. அவற்றுக்கிடையே எழுத்தைச் சுமந்து சென்ற கம்பிகளுக்கும் அதில் ஓர் இயல் வேண்டும்.

என் களப்பணிக் கோப்பை இன்றும் வைத்திருக்கிறேன். நெடிலிழந்த ஊர்ப்பெயர்களைத் தனிப் பட்டியலாக எழுதி, அத்தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தோரிடம் காட்டி வருகிறேன். இதுவரை மூன்று பெயர்கள் அவர்தம் நினைவால் முழுமை பெற்றுள்ளன. எஞ்சியவற்றுக்கும் விடை அறிந்தோர் எங்கேனும் இருக்கக்கூடும் என்னும் நம்பிக்கையோடு இதனை இம்மாநாட்டின் முன் வைக்கிறேன்.